ஒரு சாண் திரும்பி வந்த பந்து

போடியிலிருந்து ஜீப்பில் பெண்களை ஏற்றிக்கொண்டு விடிகிற நேரத்தில் மலைக்குப் போவேன். போடிமெட்டு தாண்டிக் கேரள எல்லைக்குள் ஒரு ஏலக்காய்த் தோட்டம். அவர்கள் காயெடுக்க இறங்கிய பிறகு எனக்குச் சோலி இல்லை. சாயங்காலம் திரும்ப ஏற்றும்வரை காத்துக்கிடக்க வேண்டும். என் மனைவியும் அந்தப் பெண்களில் ஒருத்தி. முன்சீட்டில் உட்காருவாள். எங்கள் சோற்றுத் தூக்கு அவள் மடியில் இருக்கும்.

தார் ரோட்டை விட்டுத் தோட்டத்துக்குள் திரும்பினால் ஒரு ஜீப்பு போகும் அகலம்தான். ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் சரிவு. எதிரில் வண்டி வந்தால் இரண்டில் ஒன்று பின்னால் போக வேண்டும். ஒதுங்குகிற இடம் யாருக்குப் பக்கமோ அவர் பின்னால் எடுப்பார். எழுதி வைத்த சட்டமில்லை. ஆனால் யாரும் மீறுவதில்லை.

போன மழையில் நான் அப்படிப் பின்னால் எடுக்கும்போது ஓரத்து மண் விட்டுப்போனது. பின் சக்கரம் ஒன்று அந்தரத்தில் நின்றது. ஒரு மரவேர் வண்டியைத் தாங்கிக்கொண்டது. பெண்கள் ஒவ்வொருவராக முன்பக்கம் வந்து இறங்கினார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மண் சரிந்ததற்கு நீ என்ன செய்வாய் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். எனக்கும் அது தெரியும். என் காலுக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகு பின் கியரைப் போட்டாலே கால் பிரேக்கில் போய் உட்கார்ந்துகொண்டது. ஒரு முழம் போவேன், நிற்பேன். என்ஜின் அணைந்துபோகும்.

"அண்ணே, நாங்க எறங்கிக்கிறோம்" என்பார்கள் பெண்கள். படுதாவைத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் நிற்பார்கள். குறை சொல்ல மாட்டார்கள். அதுதான் கஷ்டம். என் மனைவி கடைசியாக இறங்குவாள். என் முகத்தைப் பார்க்க மாட்டாள்.

அடுத்து மேல்காட்டில் காயெடுப்பு வர இருந்தது. அங்கே பாதை இன்னும் ஒடுக்கம். கங்காணி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். மேல்காட்டுக்கு வேறு வண்டி பேசட்டுமா, யோசித்துச் சொல் என்றார். தணிவாகத்தான் கேட்டார். வேறு வண்டி வந்தால் இந்தப் பெண்கள் அதில் போவார்கள். என் மனைவியும் அதில்தான் போவாள். நான் பார்த்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

தோட்டத்து முக்கில் ஒரு டீக்கடை உண்டு. கடைக்காரர் மலையாளி, எங்களுக்குச் சேட்டன். மூடிப்போன ஒரு விடுதியிலிருந்து பூல் மேசை வாங்கிப் பின்பக்கத் தகரக் கொட்டகையில் போட்டிருந்தார். பச்சைத் துணி போர்த்திய மேசை. ஒரு காலுக்கு அடியில் பழைய டயர்த் துண்டு. காத்துக்கிடக்கிற டிரைவர்கள் அதில் ஆடுவோம். கம்பால் வெள்ளைப் பந்தை அடித்தால் அது போய் இன்னொரு பந்தைக் குழியில் தள்ள வேண்டும்.

நேராக அடிப்பது எனக்கு வந்துவிட்டது. ஆனால் நான் அடித்தால் வெள்ளைப் பந்தும் பின்னாலேயே போய்க் குழியில் விழும். அப்படி விழுந்தால் ஆட்டம் எதிராளிக்குப் போய்விடும். அதற்கு ஒரு அடி இருக்கிறது. வெள்ளைப் பந்து போய் இடித்துவிட்டு, தானாகத் திரும்பி வரும். நாங்கள் அதை ரிவர்ஸ் என்போம்.

அதில் கெட்டிக்காரர் ராசிங்காபுரத்து டிரைவர் ஒருவர். என் வயதுதான். காலையில் ஆட்களை இறக்கிவிட்டுக் காலி வண்டியோடு எனக்கு எதிரில் வருவார். என் முறையாக இருந்தாலும் அவரே பின்னால் எடுத்து வழி விடுவார். அதற்கும் சேர்த்துக் கடையில் வந்து கேலி பேசுவார்.

"மாப்ளே, வண்டியத்தான் ஒனக்கும் சேத்து நான் பின்னால எடுக்குறேன். பந்தையும் நானே எடுக்கணுமா?"

கொட்டகையில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். அவர் கம்பை என் கையில் கொடுத்தார். பந்தின் நடுவில் அடிக்காதே, அடிப்பக்கம் அடி என்றார்.

அடித்தேன். பந்து எகிறி மேசையை விட்டு விழுந்து ரோட்டுக்கு உருண்டது. சேட்டன் போய் எடுத்து வந்து தன் முண்டு வேட்டியில் துடைத்தார். மேசைத் துணி கிழிந்தால் உன் வேட்டியைத்தான் தைத்துப் போடுவேன் என்றார்.

பிறகு கம்பை வெடுக்கென்று பின்னால் இழுத்துப் பார்த்தேன். கம்பு வந்தது, பந்து வரவில்லை. பல நாள் அப்படியே போனது. ஒருநாள் சேட்டன் டீ ஆற்றிக்கொண்டே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பந்து முன்னாலயல்லே இருக்கு. நீ பின்னால ஆரைத் தேடுறே?"

அப்போதுதான் எனக்கே தெரிந்தது. அடிக்கிற நேரத்தில் என் தலை வலது தோளுக்கு மேலாகப் பின்னால் திரும்புகிறது. ஜீப்பைப் பின்னால் எடுக்கும்போது தலையை வெளியே நீட்டிப் பின் சக்கரத்தைப் பார்ப்போம். மலையில் ஓட்டுகிற எல்லோருக்கும் அந்தப் பழக்கம் உண்டு. ரிவர்ஸ் என்ற நினைப்பு வந்ததும் கழுத்து தன் வேலையைப் பார்த்திருக்கிறது. அதைப் பார்த்துச் சிரித்த டிரைவர் ஒருவர் தானும் அடித்துக் காட்டினார். அவர் தலையும் திரும்பியது. பிறகு யாரும் சிரிக்கவில்லை.

தலையை நிறுத்திவிட்டேன். அப்போதும் பந்து இடித்த இடத்திலேயே செத்துக் கிடந்தது. ராசிங்காபுரத்துக்காரர் பக்கத்தில் வந்து என் மணிக்கட்டில் ஒரு விரலை வைத்தார். அடிக்கச் சொன்னார். அடித்தேன்.

"பந்தத் தொடுறதுக்கு முன்னாடியே நிப்பாட்டுறே. கையில பிரேக் புடிக்கிறே, மாப்ளே" என்றார். இந்தத் தடவை கேலி இல்லை. "அது திரும்பி வரணும்னா ஒன் கை முன்னால போகணும். பந்துக்கு அடியில போயி, அதத் தாண்டிப் போகணும். அது பாட்டுக்கு வரும்."

சொல்லிவிட்டு அவர் போய் டீ குடித்தார்.

வீட்டில் ஒட்டடைக் கம்பை எடுத்துக் கட்டிலில் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்துப் பழகினேன். கையை நிறுத்தாமல் போகவிடப் பழகினேன். மனைவி வாசற்படியில் நின்று பார்த்தாள். இது என்ன என்று கேட்டாள். சொன்னேன். ரசம் வைக்க வைத்திருந்த பழம் என்று எடுத்துக்கொண்டு போனாள். உள்ளே போனவள் திரும்பி வந்து, "பந்து வந்தாச் சொல்லுங்க" என்றாள்.

ஒரு மத்தியானம் நல்ல மழை. தகரத்தில் விழுகிற சத்தத்தில் பேச்சுக் கேட்காது. கம்பு நுனியில் நீலச் சாக்பீஸ் கட்டியைத் தேய்த்தேன். கம்பைக் கோழிக்குஞ்சைப் பிடிக்கிற மாதிரிப் பிடித்தேன். குனிந்து, அடிப்பக்கம் பார்த்து, கையைப் போகவிட்டேன். கம்பு பந்து இருந்த இடத்தைத் தாண்டிப் போனது. சிவப்புப் பந்து குழியில் விழுந்தது. வெள்ளைப் பந்து ஒரு கணம் நின்ற இடத்தில் சுழன்றது. பிறகு என்னைப் பார்த்து வந்தது. ஒரு சாண் வந்து நின்றது.

ராசிங்காபுரத்துக்காரர் தன் கம்பால் தரையில் ஒரு தட்டுத் தட்டினார். சேட்டன் கேட்காமலே ஒரு டீ கொண்டுவந்து வைத்தார்.

சில நாள் கழித்துக் காலையில் தோட்டப் பாதையில் ராசிங்காபுரத்து ஜீப்பு எதிரில் வந்தது. ஒதுங்குகிற இடம் எனக்குப் பின்னால்தான் இருந்தது. அவர் வழக்கம்போல் பின்னால் எடுப்பார் என்று பார்த்தேன். எடுக்கவில்லை. என்ஜினை அணைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

பெண்கள் படுதாவைச் சுருட்ட ஆரம்பித்தார்கள். சிலர் இறங்கியும் விட்டார்கள். வாடீ, வெரசா எறங்கு என்று ஒருத்தி என் மனைவியைக் கூப்பிட்டாள்.

"எனக்குக் கால் வலிக்குது. நீங்க போங்க, நான் வண்டியிலயே வர்றேன்" என்றாள் அவள். தூக்கை மடியில் இன்னும் இறுக்கி வைத்துக்கொண்டாள். இறங்கக் கால் வைத்த இருவர் காலை உள்ளே இழுத்துக்கொண்டார்கள்.

பின் கியரைப் போட்டேன். தலையை நீட்டிச் சக்கரத்தைப் பார்த்தேன். கால் பிரேக்குக்குப் போகப் பார்த்தது. போகவிடவில்லை. வண்டி ஒரே சீராகப் பின்னால் உருண்டது. ஓரத்து மண் ஈரமாக இருந்தது, ஆனால் நின்றது. ஒதுங்குகிற இடம் வந்த பிறகுதான் பிரேக்கைத் தொட்டேன்.

ராசிங்காபுரத்துக்காரர் என்னைக் கடக்கும்போது வண்டியை மெதுவாக்கினார்.

"இங்கன தலையப் பின்னால திருப்பலாம், மாப்ளே. தப்பில்ல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இறங்கியவர்கள் வந்து ஏறினார்கள். கொஞ்ச தூரம் போனதும் என் மனைவி கேட்டாள்.

"பந்து வந்துருச்சா?"

"ஒரு சாண்" என்றேன்.

"போதும். ரோட்டப் பாருங்க."

அன்றைக்குச் சாயங்காலம் கங்காணியிடம் வேறு வண்டி வேண்டாம் என்று சொன்னேன். மேல்காட்டுக்கு இப்போது நான்தான் ஓட்டுகிறேன். பின்னால் எடுக்கிற இடங்களில் இன்னும் இரண்டு பேர் இறங்கி நடக்கிறார்கள். இறங்கட்டும். மற்றவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்.