மூன்று கேமராவில் மலரின் குரல்

மலரின் குரல் மேலே பத்திரமாக இருக்கிறது என்றுதான் எங்கள் குடும்பத்தில் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தோம். சென்ற மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல் வரை.

மேலே என்றால் வானம் அல்ல. இணையத்தில் இடம் வாடகைக்குத் தருகிறார்களே — கிளவுட் — அது. பெரம்பலூரில் வீடியோ ஸ்டுடியோ நடத்தும் என் தம்பி குமரன் அதை 'மேல' என்றுதான் சொல்வான். "உங்க கல்யாணத்த மேல ஏத்திட்டேங்க" என்று அவன் போனில் சொல்வதை முதன்முறை கேட்பவர்கள் சற்றுத் திடுக்கிடுவார்கள்.

மலர் அவன் மனைவி. வாலிகண்டபுரத்துப் பெண். அடுப்படியில் நின்றபடியே தெருமுனையில் இருப்பவருக்கு வழி சொல்லக்கூடிய குரல் அவளுக்கு. சென்ற ஆண்டு அது கரகரக்கத் தொடங்கியது. சளி என்று நினைத்தோம். திருச்சி மருத்துவமனையில் வேறொன்று சொன்னார்கள். தொண்டையில் புற்று, குரல்வளையை எடுத்துவிட வேண்டும். உயிர் மிஞ்சும். பேச்சு மிஞ்சாது.

அந்த மருத்துவமனையின் பேச்சுப் பயிற்சியாளர் ஒரு வழி சொன்னார். ஆபரேஷனுக்கு முன்பே மலர் பேசுவதைத் தெளிவாக, நிறையப் பதிவு செய்து வைத்துக்கொண்டால், பிற்பாடு அவள் போனில் தட்டச்சு செய்வதை அவளுடைய குரலிலேயே ஒரு செயலி வாசிக்கும்படி செய்துவிடலாமாம்.

"பதிவு பண்றதா? அது என் தொழில் மேடம்" என்றான் தம்பி. அந்த மருத்துவமனையில் அவன் முகம் தெளிந்ததை நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

குரலைப் பதிவு செய்ய ஒரு போன் போதும், இல்லையா? தம்பிக்குப் போதவில்லை. முகூர்த்த வீட்டுக்குக் கொண்டுபோகும் மூன்று கேமராக்களையும் நிறுத்தினான். விளக்குகள், பின்னால் நீலத் திரை, அவள் புடவைத் தலைப்பில் ஒரு சின்ன மைக். இருப்பதிலேயே உயர்ந்த தரத்தில் எடுத்தான். அவனுக்கு அன்பை வேறு எந்த அளவில் காட்டத் தெரியும்?

வாசிப்பதற்கென்று சில வாக்கியங்கள் கொடுத்திருந்தார்கள். மலர் கொஞ்ச நேரம் வாசித்தாள். பிறகு தாளைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ஊருப் பொண்ணுங்களயெல்லாம் மகாலட்சுமி மாதிரி எடுத்தாரு. என்னைய எடுக்கறதுக்கு எனக்குத் தொண்டையில கட்டி வர வேண்டியிருக்கு, பாருங்க அண்ணி."

நான் சிரித்துவிட்டேன். தம்பி மட்டும் கேமராவிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

அதற்குப் பிறகு அவளை நிறுத்த முடியவில்லை. கல்லங்குறிச்சித் தேரோட்டத்தில் சிறுமியாகத் தொலைந்துபோனது, மாமியாரோடு போட்ட முதல் சண்டை, மீன் குழம்பில் புளி எப்போது விட வேண்டும் என்பது... எல்லாம் வந்தது. கடைசியில் மகள் யாழினியின் பெயரைப் பலவிதமாகச் சொல்லிப் பார்த்தாள். எழுப்புகிற மாதிரி, கெஞ்சுகிற மாதிரி, அதட்டுகிற மாதிரி.

"எதுக்கும்மா இது?" என்று தம்பி கேட்டான்.

"போன்ல நான் கூப்பிட்டா அவ பயப்படணுமில்ல?"

யாழினி சென்னையில் கணினி வேலையில் இருக்கிறாள். 'மேலே' ஏற்றும் ஏற்பாட்டைச் செய்து கொடுத்தவள் அவள்தான். அதற்கும் ஒரு காரணம் உண்டு. முன்பொரு முறை, லப்பைக்குடிக்காட்டு நிக்காஹ் ஒன்றைப் பதிந்து வைத்திருந்த ஹார்ட் டிஸ்க் கைதவறி விழுந்து செத்துப்போனது. பையனின் தந்தை கடைக்கு வந்து கோபமே இல்லாமல் கேட்டார்: "தம்பி, மவன் துபாய்க்குத் திரும்பிப் போயிட்டான். இன்னொரு தடவ நிக்காஹ் பண்ணச் சொல்லவா?" அன்றிலிருந்து தம்பிக்குக் கீழே இருக்கும் எதன்மீதும் நம்பிக்கை இல்லை. மேலே ஏற்றினால்தான் தூக்கம்.

பெரிய வீடியோவை அப்படியே முழுதாக மேலே ஏற்ற முடியாது. யாழினி எழுதிய புரோகிராம் அதைச் சிறுசிறு துண்டுகளாக வெட்டி அனுப்பும். ஒரு துண்டு வழியில் தவறினால் அதை மட்டும் மறுபடி அனுப்பும். எல்லாம் போய்ச் சேர்ந்ததும், அனுப்பியவற்றை ஒருமுறை சரிபார்த்துவிட்டு, "இவ்வளவுதான், ஒன்றாகச் சேர்த்துக்கொள்" என்று கடைசியாக ஓர் உத்தரவு கொடுக்கும். அந்த உத்தரவு போகும்வரை மேலே இருப்பது வீடியோ அல்ல. வெறும் துண்டுகள்.

மலரின் ஆபரேஷனுக்கு முந்தைய வாரம் அந்தப் பதிவை ஏற்றினான். மூன்று கேமராப் பதிவு அல்லவா... காலையில் தொடங்கியது மாலைவரை போய்க்கொண்டிருந்தது. கடைசித் துண்டும் போய்ச் சேர்ந்துவிட்டதாகத் திரையில் வந்த நேரம், தெருவில் பறைச் சத்தம் கேட்டது.

கடைக்கு எதிரே டீக்கடை வைத்திருந்த பெரியவர் அன்று காலை இறந்திருந்தார். அவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். எங்கள் பக்கத்துக் கடைத்தெருவின் வழக்கம் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். பிணம் கடக்கும்வரை ஷட்டரைப் பாதி இறக்குவோம், விளக்கை அணைப்போம். தம்பி மெயினை அணைத்தான். உடனே கம்ப்யூட்டரின் யுபிஎஸ் கூவத் தொடங்கியது. தினமும் டீ கொடுத்த மனிதர் கடைசியாகப் போகிறார். இங்கே ஒரு பெட்டி கத்திக்கொண்டிருக்கலாமா? அதையும் அணைத்துவிட்டு, வாசலில் கைகட்டி நின்றான்.

கடைசி உத்தரவு போகவில்லை.

திரும்பி வந்து கம்ப்யூட்டரைப் போட்டவன், வழக்கம்போல மீட்டரைப் பார்த்தான். மேலே எவ்வளவு இடம் நிரம்பியிருக்கிறது என்று காட்டும் பக்கத்தைத்தான் அவன் அப்படிச் சொல்வான். இத்தனை ஆண்டுகளாக அது ஏறியிருந்தால் வேலை முடிந்தது என்று பொருள். மறுநாள் பார்த்தபோதும் அளவு சரியாக ஏறியிருந்தது. சேராத துண்டுகளுக்கும் மேலே இடம் வேண்டும்தானே? முகூர்த்த மாதம், கேமரா கார்டுகளும் டிஸ்க்கும் வேண்டியிருந்தன. அவற்றிலிருந்த மலரை அழித்துவிட்டு அடுத்த கல்யாணத்துக்குப் போனான்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மலர் கை தட்டிக் கூப்பிடப் பழகினாள். போனில் தட்டச்சு செய்யப் பழகினாள். அதில் ஒரு முன்பின் தெரியாத பெண்ணின் குரல், செய்தி வாசிப்பது போல, "உப்பு குறைவாக உள்ளது" என்று சொல்லும். நாங்கள் சிரிப்போம். மலரும் சிரிப்பாள். கொஞ்ச நாள்தானே?

காயம் முற்றும் ஆறிய பிறகு, அந்த ஞாயிற்றுக்கிழமை யாழினி லேப்டாப்போடு வந்திருந்தாள். நானும் அரியலூரிலிருந்து பஸ் பிடித்துப் போயிருந்தேன், மலரின் முதல் வார்த்தையைக் கேட்பதற்காக. கேசரிகூடக் கிண்டியிருந்தார்கள்.

யாழினி தேடினாள். இன்னொரு முறை தேடினாள். பிறகு புரோகிராம் எழுதி வைத்திருந்த பழைய குறிப்புகளைத் திறந்து வெகுநேரம் படித்தாள்.

"அப்பா, அன்னிக்கு நடுவுல கரண்டு போச்சா?"

தம்பி நடந்ததைச் சொன்னான். யாழினி துண்டுகளைப் பற்றி விளக்கினாள். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தனக்குத் தெரிந்த மொழிக்கு அதை மாற்றிக்கொண்டான்.

"சொந்தக்காரங்க எல்லாரும் மண்டபத்துக்கு வந்துட்டாங்க. தாலி மட்டும் கட்டல. அதானே?"

"ஆமாப்பா."

"வந்தவங்க அங்கயேதான இருப்பாங்க? இப்பக் கட்டச் சொல்லு."

யாழினி லேப்டாப்பை மெல்ல மூடினாள்.

"என்னம்மா?"

"இல்லப்பா. மண்டபத்தக் காலி பண்ணிட்டாங்க."

"யாரு?"

"நான்தான்."

அரைகுறையாக நின்றுபோன துண்டுகள் கிடந்தால் அவற்றுக்கும் வாடகை ஏறும். அப்பாவுக்கு வீண் செலவு வேண்டாமென்று, ஒரு வாரத்துக்கு மேல் சேராமல் கிடப்பவை தாமாகவே அழிந்துவிடும்படி அவள்தான் எப்போதோ ஒரு விதி போட்டு வைத்திருந்தாள். அது தன் கடமையைச் செய்திருந்தது. மீட்டர் பிறகு இறங்கியிருக்கும். இறங்குகிறதா என்று யார் பார்க்கப் போகிறோம்?

அந்த நிறுவனத்துக்கு எழுதிப் பார்த்தாள். அழிந்தது அழிந்ததுதான் என்று மிகுந்த மரியாதையோடு பதில் வந்தது. எங்கள் போன்களையெல்லாம் துழாவினோம். ஒரு பிறந்தநாள் பாட்டுக்குள் அமிழ்ந்துபோன மலர். மிக்ஸி இரைச்சலுக்கு அப்பால், "போனை வைடி, சோறு பொங்குது" என்ற மலர். கேட்டு அழ அது போதும். ஒரு குரலைச் செய்யப் போதாதாம்.

இதில் யாரை நான் கோபித்துக்கொள்வது? இறந்தவருக்கு மரியாதை செய்தவனையா? அப்பாவின் செலவைக் குறைக்க நினைத்தவளையா? ஒரு போனில் எடுத்திருந்தால் ஒரே மூச்சில் போயிருக்கும் என்று பிறகு யாரோ சொன்னார்கள். சொல்லியிருக்க வேண்டாம்.

அனுப்பியது போய்ச் சேர்ந்துவிட்டதா என்று கேட்க நமக்குத் தெரிகிறது. போய்ச் சேர்ந்தவை ஒன்றாயினவா என்று கேட்க மட்டும் ஏனோ தோன்றுவதில்லை... பொருள்களிடமும் சரி, மனிதர்களிடமும் சரி.

அன்று யாழினி மேசையில் தலைகவிழ்ந்து அழுதுகொண்டிருந்தாள். தம்பி சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். அடுப்படி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்த மலர், போனை எடுத்து நிதானமாகத் தட்டினாள். அந்தச் செய்தி வாசிக்கும் பெண் எங்கள் மூவரிடமும் சொன்னாள்:

"கேசரி ஆறுகிறது. சாப்பிட வாருங்கள்."

மலர் எந்தக் காலத்தில் 'வாருங்கள்' என்று சொல்லியிருக்கிறாள்?

யாழினி சென்னைக்குத் திரும்பிவிட்டாள். தம்பி முன்பெல்லாம் கடையிலிருந்து வந்ததும் வாசலில் செருப்பைக் கழற்றியபடியே "மலரு" என்பான். உள்ளேயிருந்து பதில் வரும். அதுவே போதுமென்று நாற்காலியில் உட்கார்ந்துவிடுவான். இப்போது அடுப்படி வரை போய்ப் பார்க்கிறான்.

மலர் இருக்கிறாள்.