சூட்டு முள்ளும் கார் சாவியும்

என் கணவர் பட்டாளத்தில் இருக்கிறார். வடக்கேயிருந்து போன் போட்டால் முதலில் காரைத்தான் விசாரிப்பார். பழைய கார், ஆனால் மிதித்தால் பறக்கிற ரகம். போன லீவு முடிந்து கிளம்பும்போது சாவியை என்னிடம் கொடுத்து, "சூட்டு முள்ளு பாதியத் தாண்டக் கூடாது. ஒரு தடவ கொதிச்சாலும் இஞ்சின் காலி. பொறவு சாவிய அண்ணன்ட்ட குடுத்துரு" என்றார். அவருடைய அண்ணன் ராஜபாளையத்தில் எங்கள் தெருவிலேயே இருக்கிறார். எப்போதடா சாவி கைக்கு வரும் என்று காத்திருப்பவர். அது என்னிடம் வந்த பிறகுதான் நான் யாரையும் எதிர்பார்க்காமல் வெளியே போய் வருகிறேன். சாவியை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

கணவர் போனதிலிருந்து சாயங்காலமானால் முள் ஏறத் தொடங்கியது. "தெர்மோஸ்டாட்டக் கழட்டி எறிஞ்சிருவோம்க்கா, நம்ம வெயிலுக்கு அது எதுக்கு?" என்று மெக்கானிக், இஞ்சின் சூடேறும்வரை தண்ணீரை மறிக்கிற அந்த வால்வைக் கழற்றியும் போட்டார். அப்புறமும் ஏறியது. கணவரிடம் நான் மூச்சு விடவில்லை.

புரட்டாசிச் சனிக்கிழமை. ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் திருவண்ணாமலையில் பெருமாளைக் கும்பிட்டுவிட்டு மாமியாரும் நானும் திரும்பிக்கொண்டிருந்தோம். கூட்டத்தில் வண்டி ஊர்ந்தது. இருட்டத் தொடங்கியதும் லைட்டைப் போட்டேன். முள் பாதியைத் தாண்டியது. ஹீட்டரைப் போட்டால் இஞ்சின் சூடு கொஞ்சம் வெளியேறும் என்று கணவர் சொன்னது நினைவுக்கு வந்தது. போட்டேன்.

"ஏட்டி, கிறுக்குப் புடிச்சிருக்கா? இந்தப் புழுக்கத்துல ஹீட்டரப் போடுதே!"

"செத்த நேரம் பொறுங்கத்த."

முள் இறங்குவதற்குப் பதில் இன்னும் ஏறிச் சிவப்பைத் தொட்டது. இஞ்சின் போச்சு, சாவியும் போச்சு. ஓரங்கட்டி, லைட்டையும் ஹீட்டரையும் அணைத்தேன். இஞ்சினை நிறுத்தச் சாவியைத் தொடுவதற்குள் முள் பழைய இடத்துக்கு வந்து நின்றது.

கொதிக்கிற தண்ணீர் கண் மூடித் திறப்பதற்குள் ஆறுமா? மறுபடி லைட்டைப் போட்டேன். சூட்டு முள் ஏறியது. பக்கத்தில் பெட்ரோல் முள்ளும் சேர்ந்து ஏறியது. நான் பங்க் பக்கமே போகவில்லை! இறங்கிப் பார்த்தேன். ஆவி இல்லை, ஒழுக்கு இல்லை. சூடு பொய், முள்ளுக்குப் போகிற வயரில்தான் கோளாறு என்று புரிந்தது. புரிந்தும் என்ன, ராஜபாளையம் வரும்வரை ரோட்டைவிட முள்ளைத்தான் அதிகம் பார்த்தேன்.

காலையில் டார்ச்சுடன் டேஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்தேன். முள், லைட், ஹீட்டர் எல்லாவற்றுக்கும் பொதுவான எர்த் வயரை மாட்டியிருந்த போல்ட் ஆடியது. அதன் மேலேயே இன்னொரு தடித்த கறுப்பு வயர். லீவில் வந்தபோது என் கணவர் மாட்டிய பாட்டு செட்டின் வயர். உப்புத்தாளால் தேய்த்து முறுக்கினேன். லைட்டைப் போட்டேன். இரண்டு முள்ளும் அசையவில்லை.

அன்று போனில் நான் முந்திக்கொண்டேன். "பாட்டு செட்டு எர்த்த எந்த போல்ட்ல மாட்டுனீங்க?"

"ஏன்?"

எல்லாவற்றையும் சொன்னேன்.

"அண்ணன்ட்ட சொல்லிறாத" என்றார்.

"சொல்லல. சாவிய மட்டும் அவியட்ட குடுத்துறவா?"

"எதுக்கு? ஒங்கிட்டயே கெடக்கட்டும்."

பல நாளைக்குப் பிறகு அன்றுதான் வயிறாரச் சாப்பிட்டேன்.