குழாய் பார்க்க வரும் சொந்தக்காரர்

மூன்றாம் மாடி வீட்டுச் சமையலறைக் குழாயை அந்த வீட்டின் சொந்தக்காரரே கெடுத்து வைக்கிறார் என்று கட்டடத்தில் ஒரு பேச்சு. வாட்ச்மேன் இதை என் காதருகே வந்து சொன்னார். கீழ்த்தளம் முழுக்கக் கேட்டது.

"வருவாரு, சரி பண்ணுவாரு, போவாரு. ஒரு மாசம்தான். மறுபடி ஒழுகும், மறுபடி வருவாரு. லிஃப்டையே பிரிச்சு மாட்டுற மனுஷனுக்கு ஒரு குழாய் அடங்காதா சார்?"

கேள்வியில் நியாயம் இருந்தது. விசாரிக்கப் போனேன்.

சொந்தக்காரரான அந்த லிஃப்ட் மெக்கானிக்கை, லிஃப்டுக்கு அடியில் அவர் வேலை பார்க்கும் குழிக்குள்தான் பிடிக்க முடிந்தது. ஒரு பெரிய அலுவலகக் கட்டடம். அவர் தலை என் செருப்பு மட்டத்தில் இருந்தது. "மேல ஏறி வந்தா நேரம் போயிடும், நீங்களே குனிஞ்சுக்கங்க" என்றார். குனிந்துகொண்டேன். அவர் கதை முழுவதையும் அப்படியேதான் கேட்டேன். முதுகு இன்னும் ஞாபகம் வைத்திருக்கிறது.

ஒன்பது வருடம் அந்த மூன்றாம் மாடி வீட்டில் அவர் வாடகைக்கு இருந்தார். எட்டு மணி நேர வேலை. ஆறு மணிக்குப் பால்கனியில் நின்று, கீழே வண்டி நிறுத்துகிறவர்களுக்கு யாரும் கேட்காத யோசனைகளைச் சொல்லிக்கொண்டிருப்பார். ஒருநாள் பழைய சொந்தக்காரர் வந்தார். கட்டடத்தை வீடு வீடாக விற்கப் போகிறாராம். "நீ வாங்கிக்க, இல்லைன்னா காலி பண்ணிடு." காலி பண்ண மனம் வரவில்லை. வாங்கினார். வங்கிக்கு இருபது வருடத் தவணை. அது வாடகையைப் போல இரண்டு மடங்கு.

முதல் வருடம் ஓவர்டைம் பார்த்தார். இரண்டாம் வருடம் அதுவும் போதவில்லை. அப்போதுதான் கம்பெனி கருணை காட்டியது. பணிமனைக்குப் பின்னால் ஓர் அறை, வாடகை கிடையாது. ஆனால் சுவரில் ஒரு மணி இருக்கும். ஊரில் எந்த லிஃப்ட் நின்றாலும் அது அடிக்கும். அடித்தால் போக வேண்டும். ஆக, சொந்த வீட்டை ஒரு நர்ஸுக்கு வாடகைக்கு விட்டார். அவர் கொடுத்த அட்வான்ஸைத் தவணை பாக்கிக்குக் கட்டினார். மனைவியோடு அறைக்கு வந்து சேர்ந்தார். வாடகைக்காரராக இருந்தவரை அந்த வீட்டில் இருந்தவர், சொந்தக்காரர் ஆனதும் வெளியே வந்துவிட்டார்.

"இப்போ எத்தனை மணி நேரம் வேலை?"

"பதினாலு. மணி அடிக்கலைன்னா."

நர்ஸைக் கேட்டால் அவர் கணக்கு வேறு. அந்த வாடகையைக் கட்ட அவர் இரண்டு ஷிஃப்ட் பார்க்கிறார். "அப்போ வீட்டுல யாருதான் இருக்கா?" என்றேன். "ஃப்ரிட்ஜ் இருக்கு" என்றார்.

குழிக்குத் திரும்பி வந்து வதந்தியை நேராகவே போட்டு உடைத்தேன். மெக்கானிக் ஸ்பானரைத் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

"கெடுக்கல. புது வாஷர் போடல, அவ்வளவுதான். பழசையே திருப்பிப் போட்டேன்."

"ஏன்?"

"எதுவும் ரிப்பேர் இல்லைன்னா வீட்டுக்காரன் எதுக்கு வர்றான்னு கேக்க மாட்டாங்களா?"

இதை அவர் மனைவி வேறு மாதிரி சொன்னார். "குழாய் பாக்கப் போறாராம், தலை சீவிட்டுப் போறாரு. எங்க கல்யாணத்துக்குக்கூட அவங்க அம்மா பிடிச்சு வச்சுத்தான் சீவி விட்டாங்க."

இந்த நிலையில்தான் போன மாதம் நர்ஸ், வாடகை கட்டி மாளவில்லை, காலி செய்கிறேன் என்று சொல்லி அனுப்பினார்.

மெக்கானிக்கின் மனைவி அன்றைக்கே டேப்பை எடுத்துக்கொண்டு துணிக்கடைக்குப் போனார். மூன்றாம் மாடி ஜன்னலின் அளவு அவருக்கு மனப்பாடம். திரைத்துணி வந்துவிட்டது. மெக்கானிக் மட்டும் சாப்பிடவில்லை. நர்ஸ் போனால் அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும். அது வங்கியில் கரைந்து வெகுநாள் ஆகிவிட்டது. வாடகையும் நின்றுபோகும். தவணை நிற்காது. இரண்டு தவணை தவறினால் வீடு வங்கியோடு போய்விடும்.

மறுநாள் நர்ஸ் ஷிஃப்ட் முடிந்து வந்தபோது இவர் வாசலில் நின்றிருந்தார்.

"சிஸ்டர், போகாதீங்க."

"என்னண்ணே, வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்லித்தான் கேட்டிருக்கேன். நீங்க இருக்கச் சொல்லி அழறீங்க!"

"வாடகையைக் குறைச்சுக்கறேன்."

"அப்புறம் உங்களுக்கு எப்படிக் கட்டுப்படியாகும்?"

"ஞாயித்துக்கிழமை சும்மாதானே கெடக்கு."

நர்ஸ் தங்கிவிட்டார். குறைத்த வாடகையைச் சரிக்கட்ட மெக்கானிக் ஞாயிற்றுக்கிழமை வேலைக்கும் பேரைக் கொடுத்துவிட்டார்.

பணிமனை அறைக்குப் போய்ப் பார்த்தேன். கைக்குட்டை அகல ஜன்னலில் அந்தத் திரை தொங்கிக்கொண்டிருந்தது. பாதிக்கு மேல் உள்ளே மடித்துத் தைத்திருந்தார் மனைவி. "வெட்டல. மடிச்சுத்தான் தச்சிருக்கேன்" என்றார். "பிரிச்சா அங்க சரியா இருக்கும்."

வந்த வேலையை முடிக்க வேண்டுமே என்று மூன்றாம் மாடிக்கும் ஏறினேன். குழாய் சொட்டவில்லை.

"நானே வாஷர் வாங்கிப் போட்டுட்டேன்" என்றார் நர்ஸ். "ஒரு நாளைக்கு நாப்பது ஊசி போடறேன், ஒரு வாஷர் போட வராதா? காசை மட்டும் அண்ணன் தரணும். சில்லறைதான். போன்ல அனுப்புங்கன்னேன். இல்ல சிஸ்டர், நேர்ல வந்து தர்றேன்னாரு. மூணு வாரமாச்சு."

பணிமனை அறைக்குத் திரும்பி வந்து மெக்கானிக்கிடம் கேட்டேன். "அந்தச் சில்லறையைப் போன்லயே அனுப்பிடலாமே?"

"அனுப்பிட்டா, அப்புறம் எதைச் சொல்லி அங்க போறது?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் மணி அடித்தது. பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். வாஷர் காசு இன்னும் நர்ஸ் கைக்கு வரவில்லை.