லியாடே வந்தாளா?

எங்கள் பேட்டையான பார்க்கே சாஸில் டெலியா ஸ்கார்பத்தியிடம் காலை நீட்டாதவர்கள் குறைவு. கால் ஆணி, சதைக்குள் வளரும் நகம், குதிகால் வெடிப்பு எல்லாவற்றுக்கும் அவர்தான். முகத்தைப் பார்த்துப் பேரை மறந்தாலும் பாதத்தைப் பார்த்து ஆளைச் சொல்லிவிடுவார். வயது அறுபத்தெட்டு. டைல்ஸ் பதிக்கும் வேலை பார்த்த அவருடைய கணவர் ஒராசியோ இறந்து ஆறு வருடமாகிறது.

எங்கள் பேட்டை நூலகத்தின் வாசகர் வட்டத்துக்கு அவர் வந்தபோது, ஹீட்டருக்காக வருகிறார் என்றுதான் மற்ற எட்டுப் பேரும் நினைத்தோம். அவர் வந்தது ஒரு கேள்வியோடு. நாற்பத்தைந்து வருடங்களுக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்கு, ஓர் ஆள் வரச் சொல்லிவிட்டு வராமல் போனான். ஏன் வரவில்லை? அந்த ஆள் பிறகு எழுத்தாளனாகிச் செத்தும் போய்விட்டான். அவனுடைய நாவலைத்தான் நாங்கள் அந்தக் குளிர்காலம் முழுக்கப் படித்துக்கொண்டிருந்தோம். இதெல்லாம் எங்களுக்குத் தெரிய பதினோரு வாரம் ஆனது.

நாவல், பெர்மின் சாகர்துய் எழுதிய 'ஏணியில்லாத வீடு'. அறுபத்துமூன்று அத்தியாயங்கள். எதிலிருந்தும் தொடங்கலாம், எதிலும் முடிக்கலாம் என்று முதல் பக்கத்திலேயே போட்டிருந்தான். வெளிவந்தபோது பத்திரிகைகள் இரண்டு கட்சியாகப் பிரிந்து அடித்துக்கொண்டன. மேதை என்றது ஒன்று. அச்சகத்தில் தாள் கலைந்துபோனதை மறைக்கிறான் என்றது மற்றது. எங்கள் பேட்டையில் வேறு விதமான கோபம். பெர்மின் இங்கேயே வளர்ந்தவன் என்பதால், ஆளாளுக்குத் தங்களை அதில் கண்டுபிடித்தார்கள். கள்ளத் தராசு வைத்திருக்கும் பிஷப் ஒருவர் அதில் வருகிறார். அது தன்னைத்தான் சொல்கிறது என்று கசாப்புக்கடை நிகாசியோ சாகும்வரை சத்தியம் செய்தார். அவருடைய தராசைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

வட்டத்தை நடத்தியவர் டாக்டர் பசவில்பாசோ. மனப் பகுப்பாய்வு மருத்துவர். வாரத்துக்கு நான்கு நாள் மற்றவர்களின் அம்மாவைப் பற்றிக் கேட்டுவிட்டு, சனிக்கிழமை எங்களிடம் வந்து பேசுவார். இருந்தது ஒரே பிரதி. அதுவும் அவர் பையில்தான் வீட்டுக்குப் போகும். தம்போலா பைக்குள் கைவிட்டு வாரத்துக்கு ஐந்தாறு காய்களை எடுப்போம். அவற்றிலுள்ள எண்கள்தான் அன்றைய அத்தியாயங்கள். அவர் உரக்கப் படிப்பார், நாங்கள் மாத்தே குடித்துக்கொண்டே சண்டை போடுவோம். கடைசியில் எந்த வரிசையில் படிக்கலாம் என்று ஒரு பட்டியல் போட்டு அட்டையின் உள்பக்கம் ஒட்டுவது எங்கள் திட்டம்.

நாவல் முழுக்க லியாடே என்று ஒருத்தி, இடது கன்னத்தில் மச்சத்தோடு, நடமாடுகிறாள். வருகிறேன் என்றவள் வருவதில்லை. இரக்கமில்லாதவள்.

"லியாடேன்னா இலியட், அந்தக் கிரேக்கக் காவியம்," என்றார் டாக்டர் முதல் வாரமே. "முற்றுகை. பத்து வருஷம் வெளியில நிக்கிற ஆண். கதவைத் திறக்காத தாய்."

எல்லோரும் குறித்துக்கொண்டோம். டெலியா மட்டும் கழுத்துத் துணியைக் கன்னம்வரை இழுத்துவிட்டுக் கேட்டார்: "அந்த இலியட்டுல வர்றவளுக்கு இடது கன்னத்துல மச்சம் உண்டா டாக்டர்?"

மச்சம் என்பது குறைபாட்டின் குறியீடு என்று விளக்கம் வந்தது. யாரும் அவர் கன்னத்தைப் பார்க்கவில்லை.

இதில் வெட்கப்பட வேண்டியவர்கள் நாங்கள்தான். சொல்லைத் திருப்பிப் போட்டுப் பேசுவது இந்த ஊரில் பிறந்த எவருக்கும் தாய்ப்பாலோடு வருவது. காஃபேயை ஃபேகா என்போம், டாங்கோவைக் கோடான் என்போம். அன்று காலைகூட டாக்டர் எதிர்க் கடையில் "ஒரு ஃபேகா" என்று கேட்டுத்தான் குடித்திருந்தார். ஆனால் புத்தகத்தைக் கையில் எடுத்ததும் எல்லோருக்கும் கண்ணாடியோடு கௌரவமும் மூக்கில் ஏறிக்கொள்கிறது. லியாடேயைத் திருப்பிப் போட ஒருவருக்கும் தோன்றவில்லை.

பதினோராவது சனிக்கிழமை, கடைசிக் காயாக நாற்பத்தொன்று வந்தது. டாக்டர் குரலைத் தாழ்த்திக்கொண்டு படித்தார். ஒருவன் ரோமா பாரின் ஜன்னலோரம் காத்திருக்கிறான். ஆறு மணி, ஏழு மணி. நாற்காலிகளை மேஜைமேல் கவிழ்க்கிறார்கள். அவள் வரவில்லை. அதன் பிறகு இந்த வரி: "ரோமா என்று சொன்னேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அவளிடம் ஒரு சொல்லை நேராகச் சொன்னேன்."

ரோமா என்றால் ரோம், வீழ்ந்த பேரரசு என்று டாக்டர் தொடங்கினார். டெலியா சிரிக்க ஆரம்பித்தார். நிறுத்த முடியவில்லை. மாத்தே கிண்ணத்தை யாரோ அவர் கையிலிருந்து வாங்கி வைத்தார்கள்.

"மாரோ," என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நான் மாரோவுக்குப் போயிட்டேன்."

மாரோ என்பது பெர்லின் தெரு முனையில் அப்போது இருந்த பிஸ்ஸாக் கடை. பெர்மின் எதையும் நேராகச் சொல்லாதவன். வணக்கத்தைக்கூடத் திருப்பித்தான் சொல்வான். டெலியாவை லியாடே என்பான். அவன் ரோமா என்றதும், பழக்கதோஷத்தில் இவர் திருப்பிப் போட்டிருக்கிறார். அன்று அவன் கல்யாணத்தைப் பற்றிப் பேச வந்திருந்தான் என்று அதே அத்தியாயத்தில் இருக்கிறது, அதனால்தான் விளையாடவில்லை. இவர் இரண்டு மணிநேரம் மாரோவில் உட்கார்ந்திருந்துவிட்டு, ஒரு முழு வெங்காய பிஸ்ஸாவைக் கோபத்தில் தின்றுவிட்டு வீட்டுக்குப் போனார். அதன்பின் அவனைக் கண்டால் தெருவைக் கடப்பார். அவனும் கடப்பான். எங்கள் பேட்டையின் தெருக்கள் வளையம் வளையமாகச் சுற்றுபவை, அவற்றில் விலகிப் போனவர்கள் சுற்றி வந்து மறுபடி எதிரே நிற்பார்கள். மறுபடி கடப்பார்கள்.

வாழ்க்கை வேறு, பிரதி வேறு என்றார் டாக்டர். எழுத்தாளன் நினைத்தது விளக்கத்தைக் கட்டுப்படுத்தாது என்றார்.

"கட்டுப்படுத்த வேணாம் டாக்டர். அவன் வந்திருக்கான். எனக்கு அது போதும்." கொஞ்சம் நிறுத்தினார். "ஆனா முட்டாப்பய, அடுத்த நாள் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல? அறுபத்துமூணு அத்தியாயம் எழுத நேரம் இருந்துச்சு."

நீங்களும் கேட்டிருக்கலாமே என்றார் ஓய்வுபெற்ற தபால்கார அம்மா ஒருவர். டெலியா கழுத்துத் துணியை மடித்தார். அன்று வேறு யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

பட்டியலுக்கு வாக்கெடுப்பு வந்தது. டாக்டர் நாற்பத்தொன்றைக் கடைசியில் வைத்திருந்தார். கைவிடப்பட்டவனோடு புத்தகம் முடியும், லியாடே என்றைக்கும் இரக்கமில்லாதவளாகவே நிற்பாள். டெலியா அதை முதலில் வைக்கச் சொன்னார். அப்படி வைத்தால், மீதி அறுபத்திரண்டும் எங்கே தப்பு நடந்தது என்று ஒருவன் தேடுவதாக மாறிவிடுகிறது. பத்திரிகைகள் சண்டை போட்டும் கண்டுபிடிக்காத அர்த்தம் அது. டெலியா பக்கம் எட்டுக் கை, எதிராக டாக்டரின் ஒன்று. அதுவும் பாதியில் இறங்கிவிட்டது.

பட்டியலின் கீழே, லியாடேக்கு இலியட்டோடும் தொடர்பிருக்கலாம் என்று ஒரு குறிப்புச் சேர்க்க டாக்டர் அனுமதி கேட்டார்.

"போட்டுக்கோங்க," என்றார் டெலியா. "வெறும் டெலியாவா இருந்ததுக்கு, அது கொஞ்சம் கௌரவமாத்தான் இருக்கு."

அன்று பிரதியை வீட்டுக்கு எடுத்துப்போனவர் டெலியா. டாக்டர்தான் தன் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.