வடைச்சட்டியில் மிஞ்சாத எண்ணெய்

பாரோய் ஊரிலிருந்து கடை கடையாகப் பழைய எண்ணெய் கேட்டுக்கொண்டே செனாவாங் வரை வந்துவிட்டேன். வேனில் டிரம் காலியாக உருள்கிறது. சுற்றிலும் எண்ணெய் தரும் செம்பனைத் தோட்டம்தான். ஆனால் விமான எரிபொருள் செய்யும் எங்கள் கம்பெனிக்குப் பொரித்துக் கழித்த எண்ணெய்தான் வேண்டும். இன்றும் டிரம் நிறையாவிட்டால் என் வேலை நிலைக்காது.

வடைக்கடையில் நிறுத்தி, இரண்டு வடை வாங்கித் தின்றுகொண்டே கேட்கிறேன்.

“பழைய எண்ணெய் இருக்காக்கா? பிளேன் பறக்கத்தான்.”

“கொறையக் கொறைய புதுசு ஊத்துவேன் தம்பி. மிஞ்சவே மிஞ்சாது லா.”

“அப்ப பழசெல்லாம் எங்கக்கா போவுது?”

“நீ திங்கிறியே, அதுலதான்.”

மிச்ச வடையை விழுங்கிவிட்டு வேன் கதவைத் திறக்கிறேன். பிறகு வடை மடித்த தாளை டிரம்முக்குள் பிழிகிறேன். ஒரே ஒரு சொட்டு விழுகிறது.

அக்கா எட்டிப் பார்க்கிறார். “பறக்குமா தம்பி?”