காய் தெரியாத காய்க்கடைக்காரர்

எங்கள் சந்தையில் காய்கறியைப் பற்றிப் பொய்யே சொல்லாத ஒரே வியாபாரி தராசு அண்ணன்தான். அவருடைய நல்ல மனசை நினைத்து யாரும் அவசரப்பட்டுக் கண்கலங்க வேண்டாம். அவருக்குக் காய்கறி என்றால் என்னவென்றே தெரியாது.

முன்பு தெரியும். ஒரு தோள் ஏறி ஒரு தோள் இறங்கி இருப்பதால் தராசு என்று பேர் வாங்கிய இந்த மனிதர், கத்தரிக்காயைத் தொடாமலே உள்ளே புழு குடித்தனம் நடத்துவதைக் கண்டுபிடிப்பார். கண்டுபிடித்து, அதையே முதலில் விற்றும்விடுவார். போன வருஷம் ஒரு காய்ச்சல் வந்து மூளை வரைக்கும் ஏறியது. பிழைத்து எழுந்து கடைக்கு வந்தவர், ஒரு வெள்ளரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது என்னது?" என்று மனைவியிடம் கேட்டார்.

அந்த அம்மா முட்டைக்கோஸைக் காட்டினார். தெரியவில்லை. கூடைக்குப் பின்னால் படுத்திருந்த பூனையைக் காட்டினார்.

"என்னமோ ஒண்ணு. மூச்சு விடுது."

ஆனால் கத்தி, சாக்கு, பூட்டு, கல்லாப்பெட்டி எல்லாவற்றையும் பட்பட்டென்று சொன்னார்.

"என்னையாவது தெரியுதா?"

"உன்னை மறக்கற அளவுக்கு எனக்கு அதிர்ஷ்டம் ஏது?"

மருத்துவர் படம் படமாகக் காட்டிச் சோதித்தார். அர்த்தங்களையெல்லாம் மூளை ஒரே மூட்டையாகக் கட்டி வைப்பதில்லையாம். வளர்கிற, மூச்சுவிடுகிற வகையறா அடிபட்டு, மனுஷன் செய்த சாமான் வகையறா தப்பித்துக்கொள்வதும் சிலருக்கு நடக்குமாம். "பேர் மட்டும் மறந்திருந்தா எடுத்துக் கொடுத்துடலாம். இவருக்கு அது என்னங்கறதே போயிடுச்சு. பேசாம ஒரு பாத்திரக்கடை வைக்கலாமே?"

"எனக்குத் தெரியலங்கறதுக்காகக் காய் விளையாம இருக்கா டாக்டர்? அது பாட்டுக்கு விளையட்டும். நான் பாட்டுக்கு விக்கறேன்."

விற்றார். மனைவி கூடைக்கு ஒரு அட்டையாகப் பேரும் விலையும் எழுதிச் செருகினார். அண்ணன் அதைப் படித்து நிறுத்துக் கொடுத்தார்.

"இது இளசாப்பா?"

"தெரியாதும்மா. பச்சையா இருக்கு, நீளமா இருக்கு. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். நீங்களே உடைச்சுப் பாருங்க."

வியாபாரி வாயிலிருந்து 'தெரியாது' என்ற சொல் வந்து யாரும் கேட்டதில்லை. ஜனங்கள் ஆடிப்போனார்கள். அப்புறம் வரிசையில் நின்றார்கள். காலி ஆனது பக்கத்துக் கடை. அது அண்ணனின் மைத்துனருடையது. வாடின கீரையையும் இப்போதுதான் பறித்தது என்று சத்தியம் செய்யக்கூடிய கலைஞர்.

கலைஞர் நேரே சந்தை வியாபாரிகள் சங்கத்துக்குப் போனார். காயே தெரியாதவன் காய் விற்பது சந்தைக்கு அவமானம் என்றார். அண்ணன் காலி செய்யும் கடையைத் தானே எடுத்துக்கொண்டு அந்த அவமானத்தைச் சுமக்கவும் முன்வந்தார். சங்கம் கூடி முடிவெடுத்தது: தட்டில் இருப்பது என்னவென்று அண்ணன் எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும். தவறினால் கடையை விட வேண்டும்.

"வராதீங்க. உடம்பு சரியில்லைன்னு சொல்லிடறேன்" என்றார் மனைவி.

"உடம்பு நல்லாத்தான் இருக்கு. தெரியாதுன்னு அவங்க முகத்தைப் பார்த்தே சொல்றேன். மத்தவன் எவன் சொல்லியிருக்கான்?"

சங்கச் செயலாளர் சிக்கனத்துக்குப் பேர் போனவர். ஒரு பரீட்சைக்காக நிஜக்காயை வீணடிப்பானேன் என்று, அலுவலகக் கண்ணாடி அலமாரியில் அலங்காரத்துக்கு வைத்திருந்ததையே துடைத்துத் தட்டில் அடுக்கியிருந்தார்.

அண்ணன் முதலாவதை எடுத்தார். முகம் மலர்ந்தது.

"பிளாஸ்டிக் பொம்மை."

"என்ன பொம்மைன்னு சொல்லுங்க" என்றார் செயலாளர்.

"அச்சுல ஊத்தின பொம்மை. ரெண்டு பாதியா ஊத்தி ஒட்டியிருக்கான், கோடு தெரியுது பாருங்க. இதுவும் அப்படித்தான். இந்தச் சிவப்பு மட்டும் மெழுகு. வெயில் பட்டு ஒரு பக்கம் இளகியிருக்கு."

மைத்துனருக்குப் பொறுக்கவில்லை. "தக்காளின்னு சொல்லணும் அத்தான்."

"தக்காளியா? அப்போ ஒரு கடி கடிச்சுக் காட்டு மாப்ளே."

கூட்டம் சிரித்தது. மைத்துனர் கடிக்கவில்லை. செயலாளர் தொண்டையைச் செருமி, அப்படியானால் நிஜக்காய் கொண்டுவந்து மறுபடி ஆரம்பிக்கலாம் என்றார். அண்ணனின் மனைவி எழுந்தார்.

"தாராளமா. ஆனா எல்லாக் கடைக்காரங்களும் வரிசையா உட்காரட்டும். இளசு எது, முத்தல் எதுன்னு நீங்க இத்தனை நாளா சொன்னதெல்லாம் நிஜமான்னு, வாங்கிட்டுப் போன வீட்டம்மாங்களையும் கூப்பிட்டு வெச்சுக் கேட்டுடலாம். டேய் தம்பி, நீ முதல்ல உட்காருடா."

கடையில் ஆளில்லை என்ற நினைவு மைத்துனருக்கு அப்போதுதான் வந்தது. அதே நினைவு மற்றவர்களுக்கும் வந்து, கொஞ்ச நேரத்தில் அண்ணனுக்கும் மனைவிக்கும் எதிரே செயலாளரும் தட்டும்தான் மிச்சம். விடைகள் அனைத்தும் சரி என்று அவர் எழுதிக் கையெழுத்துப் போட்டார். பொய்யில்லையே.

அண்ணன் அந்த மெழுகுச் சமாச்சாரத்தை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார். இன்றைக்கும் அது அவர் கடையில் எல்லாக் கூடைக்கும் முன்னால் இருக்கிறது. அதற்கும் ஓர் அட்டை உண்டு. அவர் சொல்ல, மனைவி எழுதியது:

"இது எனக்குத் தெரியும். விற்பனைக்கு இல்லை."