பதினோரு சாணை மிஷின்கள் உள்ள வீடு

மல்லசமுத்திரத்துக்கு மேற்கே, ரோட்டைவிட்டு உள்ளே தள்ளி இருக்கிற ஜெகதீஸ்வரனின் தோட்டத்து வீட்டில் பதினோரு சாணை மிஷின்கள் இருந்தன. அதே வீட்டில் அரிவாள்மணை மொண்ணையாகிவிட்டால், சைக்கிளில் சாணைக்கல் கட்டிக்கொண்டு மாதம் ஒருமுறை வருகிற மாதையனுக்காகக் காத்திருப்பார்கள். இந்த இரண்டு செய்திகளும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை என்று யாராவது நினைத்தால், அவர்களுக்குப் பழைய மிஷின்களைப் பற்றி ஒன்றும் தெரியாது என்பது ஜெகதீஸ்வரனின் முடிவு. பழைய மிஷினை யாரும் ஓட்டுவதற்காக வாங்குவதில்லை. சரிசெய்வதற்காக வாங்குகிறார்கள். சரிசெய்து முடித்துவிட்டால் அப்புறம் அதில் என்ன இருக்கிறது?

வயது ஐம்பத்தெட்டு. இருபத்தாறு வருடம் ஆழ்துளைக் கிணறு போடுகிற போர் வண்டியில் ஊர் ஊராகப் போய்ப் பூமியைத் துளைத்தவர். ஆந்திரா, மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் என்று அவர் துளைக்காத மாநிலம் குறைவு. பாறையில் மழுங்கிய துளைமுனை பிட்டைச் சாணை பிடிக்கிற வேளையில்தான், எங்கேயோ கண்காணாத காட்டில், சாணை மிஷின்மேல் அவருக்குக் காதல் பிறந்தது. முதுகுவலி வந்து வண்டியைவிட்டு இறங்கியதும் நிலத்தைப் பங்காளிக்குக் குத்தகைக்கு விட்டார். காலியாகக் கிடந்த மாட்டுக் கொட்டகைக்கு ஒரு பல்பும் பூட்டும் போட்டு, அதற்கு ‘ஒர்க் ஷாப்’ என்று பெயர் வைத்தார். அங்கே என்ன ஒர்க் நடந்தது என்று கேட்பது நாகரிகமில்லை.

முதல் மிஷினை வாங்கியது எட்டு வருடத்துக்கு முன்பு. மகளை ரயிலேற்றிவிட சேலம் ஜங்ஷனுக்குப் போனவர், திரும்பும் வழியில் சூரமங்கலத்தில் பச்சமுத்துவின் பழைய இரும்புக் கடை வாசலில் அதைப் பார்த்தார். வார்ப்பு இரும்பு உடம்பு, பித்தளைத் தகடு, தட்டினால் கோயில் மணிமாதிரி ஓசை. அதைத் துண்டில் சுற்றி, மடியில் கிடத்தி, பஸ்ஸில் ஊர்வரை கொண்டுவந்தார். பக்கத்து சீட்டு அம்மாள் எத்தனை மாதம் என்று கேட்காததுதான் பாக்கி.

அதற்கு உதிரிபாகம் வேண்டுமென்று அதே கம்பெனி, அதே அளவில் இரண்டாவதை வாங்கினார். பார்த்தால் இரண்டாவது முதலாவதைவிட நல்ல நிலைமையில் இருந்தது. ஆகவே முதலாவது உதிரியாகப் பதவி இறக்கப்பட்டது. மூன்றாவது வந்தபோது இரண்டாவதற்கும் அதே கதி. இப்படி ஒவ்வொன்றும் அடுத்ததற்கு வழிவிட்டு, எட்டு வருடத்தில் பதினொன்று சேர்ந்தன. மனைவி மைதிலியிடம் ஏழு என்று சொல்லியிருந்தார். ஓடியது ஒன்றுமில்லை.

போன வருடம் இந்தக் குடும்பத்தில் ஒரு துக்கம் நடந்தது. ஒருநாள் கொட்டகையைத் திறந்து எண்ணிப் பார்த்தால் பத்துதான் இருந்தன. அந்த முதல் மிஷின், மடியில் வந்த மூத்த பிள்ளை, காணவில்லை. அவருடைய சந்தேகம் நேராக மாதையன்மேல் போய் விழுந்தது. தொழில்காரன், வீட்டுவாசல்வரை வந்து போகிறவன், பதினோரு சாணை மிஷின் உள்ள வீட்டைப் பார்த்து வயிறெரியாமல் இருக்க முடியுமா? ஆனால் இதை வெளியே சொல்ல வழியில்லை. ஏழு இருக்கிற வீட்டில் பதினொன்றில் ஒன்று காணாமல் போனதென்று மைதிலியிடம் எந்த வாயால் சொல்வது? அதனால் ஜெகதீஸ்வரன் தன்னால் முடிந்த தண்டனையைக் கொடுத்தார். மாதையன் வந்தால் உட்காரச் சொல்வதில்லை, டீ குடிக்கிறாயா என்று கேட்பதில்லை. மாதையன் இதைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை. அது அவனுடைய நெஞ்சழுத்தம் என்று இவர் எடுத்துக்கொண்டார்.

இந்த வருடம் புரட்டாசி பிறந்ததும் மைதிலி பேச்சை எடுத்தாள். அவள் ஏற்கனவே ஒரு வெள்ளாடு வளர்க்கிறாள். இன்னும் ஐந்து வாங்கப் போகிறாளாம். மழை தொடங்குவதற்குள் கொட்டகை வேண்டுமாம். ஜெகதீஸ்வரன், அது ஒர்க் ஷாப் என்று நினைவுபடுத்தினார். மைதிலி சத்தம் போடவில்லை. அவள் சத்தம் போட்டால் சமாளித்துவிடலாம், போடாததுதான் பிரச்சினை.

“ஏனுங்க, நாஞ் சொல்றதக் கேளுங்க. ஆயுத பூஜைக்குள்ள ஒரே ஒரு மிஷினு ஓடோணும். ஓடி, என்ற அருவாமணையச் சாணை புடிச்சுக் குடுக்கோணும். குடுத்துட்டா கொட்டாய நீங்களே வெச்சுக்குங்க. இல்லீன்னா அத்தனையும் பச்சமுத்து தராசுக்குப் போகட்டும்.”

மூன்று வாரம் இருந்தது. இருபத்தாறு வருடம் பாறையோடு மல்லுக்கட்டியவருக்கு மூன்று வாரம் எம்மாத்திரம்? எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்ததில், கல்லைச் சுழற்றுகிற ஷாப்ட் துருவில் இறுகாமல் இருந்தது இரண்டாவதில்தான்; அதை மறுபடி பதவி உயர்த்தினார். கம்பி பிரஷ்ஷால் துருவைச் சுரண்டினார். உப்புத்தாள் போட்டு உடம்பைத் தேய்த்தார். மோட்டாருக்குத் திருச்செங்கோட்டில் கொடுத்துப் புதுக் காயில் கட்டினார். இலைப்பச்சையில் பெயிண்ட் அடித்து, பித்தளைத் தகட்டைப் புளிபோட்டுத் துலக்கினார். அந்தப் புளியை அடுப்படியிலிருந்து எடுக்கும்போது மைதிலி பார்த்தாள். எட்டு வருடத்தில் முதல்முறையாக அவர் முகத்தில் கிரீஸ் இருந்தது. அது அவளுக்குப் பிடித்திருந்தது என்பதை அவள் எக்காரணம் கொண்டும் ஒப்புக்கொள்ள மாட்டாள்.

பழைய கல்லைக் கழற்றிப் புதுக் கல் மாட்ட, மிச்சம் இருந்தது ஒரு நட்டு. சாணை மிஷினில் இருபக்கமும் கல் மாட்டுவார்கள். வலதுபக்க நட்டு எல்லா நட்டையும் போலத்தான். இடதுபக்க நட்டு மட்டும் தலைகீழ் மரை. வழக்கமாகக் கழற்றுகிற பக்கம் திருகினால் இறுகும். இது தெரியாதவரல்ல ஜெகதீஸ்வரன். கொட்டகைச் சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் ‘இடது தலைகீழ்’ என்று பெரிதாக எழுதியே வைத்திருந்தார். ஆனால் வெளிச்சம் வாசல்பக்கமிருந்து வந்தது. மிஷினின் முதுகும் வாசலைப் பார்த்திருந்தது. வெளிச்சத்துக்காக அவர் முதுகுப்பக்கம் வந்து நின்றபோது, இடது வலதாகிவிட்டது. கழற்றுவதாக நினைத்து இறுக்கினார். மரை அசையவில்லை. அசையாத மரையைக் கண்டால் போர் வண்டிக்காரன் என்ன செய்வான்? ரெஞ்சின் பிடியில் ஆறடிப் பைப்பைச் செருகி, மேலே ஏறித் தொங்குவான். அவர் தொங்கினார். பூமிக்குள் ஆயிரம் அடியில் சிக்கிய ராடையே கழற்றிய தொங்கல் அது. டப்பென்று ஒரு சத்தம். நட்டும், நட்டைப் பிடித்திருந்த ஷாப்டின் முனையும் ஒன்றாக ஒடிந்து கையோடு வந்தன.

ஆயுத பூஜைக்கு நான்கு நாள் இருந்தது. மற்ற ஒன்பதின் ஷாப்டும் துருவில் இறுகி, கழற்ற வராமல் கிடந்தன. புது ஷாப்ட் கடைந்து தரக் கேட்டால், கடைசல் பட்டறைகளில் எல்லோரும் மிஷினைக் கழுவி வைத்தாகிவிட்டது, பூஜை முடிந்து வாருங்கள் என்றார்கள். கடைசியில் பச்சமுத்துவுக்குப் போன் செய்தார். ஷாப்ட் தனியாக இல்லை, முழு மிஷினாக ஒன்று வந்திருக்கிறது என்றான் அவன். ஒரு மிஷினை ஓட்டுவதற்குப் பன்னிரண்டாவதை வாங்குவது முறைதானா என்று ஜெகதீஸ்வரன் அரை மணிநேரம் ஆலோசித்தார். வாங்கினால் மைதிலிக்குத் தெரியும். தெரிந்தால் தராசு இன்றைக்கே வரும். வேண்டாமென்று போனை வைத்தபோது, தன் வாழ்க்கையில் முதல்தடவையாக ஒரு சாணை மிஷினை மறுத்திருக்கிறோம் என்பதை உணர்ந்து, சற்றுநேரம் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தார்.

படுத்திருந்தபோதுதான் அந்த யோசனை வந்தது. ஆயுத பூஜை அன்றைக்குப் பொட்டு வைத்த கருவியை யாரும் தொடக்கூடாது. மறுநாள் மறுபூஜை முடிந்துதான் எடுக்க வேண்டும். சாமி விஷயம். மைதிலி சாமி விஷயத்தில் விளையாட மாட்டாள்.

பூஜையன்று காலையில் அவள் குளித்துவிட்டு வருவதற்குள், ஒடிந்த மிஷினுக்குப் பட்டை பட்டையாகச் சந்தனம் பூசி, ஒடிந்த முனை தெரியாமல் சாமந்தி மாலையையும் போட்டு வைத்திருந்தார் ஜெகதீஸ்வரன். கொட்டகை வாசலில் வந்து நின்ற மைதிலி மிஷினைப் பார்த்தாள், மாலையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

“ஓட்டிக் காட்டறேன்னு சொன்னீங்க.”

“பொட்டு வெச்சுப் போட்டனே, புள்ள. இனித் தொடலாமா? நீயே சொல்லு.”

“தொடக்கூடாதுதான்” என்றாள் அவள். “நாளைக்கு மறுபூஜை முடிஞ்சதும் ஓட்டிருங்க. நானும் பச்சமுத்தண்ணனை நாளைக்கே வரச் சொல்லிக்கறேன்.”

ஒருநாள் ஆயுள் நீண்டது. அந்த ஒருநாளில் என்ன செய்வதென்று அவருக்குத் தெரியாது. தூக்கு ஒத்திவைக்கப்பட்டவனும் மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறான்.

பிறகு வீட்டுப் பூஜை. மைதிலி சந்தனக் கிண்ணத்தோடு முன்னால் போக, ஜெகதீஸ்வரன் சூடத்தட்டோடு பின்னால் போனார். இந்தச் சடங்கில் மைதிலி கறார். வருடமெல்லாம் உழைத்த சாமான் எதையும் விடமாட்டாள். விட்டால் அது மனதில் வைத்துக்கொண்டு அடுத்த வருடம் பழிவாங்கும் என்பது அவள் நம்பிக்கை. தண்ணீர் மோட்டார், மிக்ஸி, தையல் மிஷின், மண்வெட்டி, அரிவாள்மணை, கேஸ் அடுப்பு என்று வரிசையாகப் பொட்டு விழுந்தது. எல்லாம் முடிந்தது என்று அவர் நினைத்தபோது அவள் வீட்டின் பின்புறம் திரும்பினாள். அங்கே ஜெகதீஸ்வரன் வந்து வருடம் ஒன்றுக்கு மேலாகிவிட்டது. பின்புறம் என்பது வேலை இருக்கிற இடம்.

வேலிக் கல் ஒன்று இடுப்பளவு நின்றது. அதன் தலையில், கம்பியால் இறுக்கிக் கட்டி, குறுக்கே படுக்க வேண்டிய மிஷின் ஒன்று செங்குத்தாக நின்றது. வானத்தைப் பார்த்த ஷாப்டின் முனையில் கயிற்று வளையம். வளையம் கழன்றுவிடாமல் மேலே ஒரு நட்டு. கயிற்றின் மறுமுனையில் வெள்ளாடு. அது இவரைப் பார்த்து மிரண்டு கல்லை ஒரு சுற்றுச் சுற்றியது. ஷாப்டும் கூடவே சத்தமே இல்லாமல், வெண்ணெயில் சுழல்கிற மாதிரி, ஒரு சுற்றுச் சுற்றியது.

மைதிலி குனிந்து அதற்கு மூன்று பொட்டு வைத்தாள். ஜெகதீஸ்வரன் சூட வெளிச்சத்தில் பித்தளைத் தகட்டைப் பார்த்தார்: மடியில் வந்த அதே மூத்த பிள்ளை.

“இது எப்படி இங்க வந்துச்சு?”

மொளக்குச்சியில் கட்டினால் ஆடு சுற்றிச் சுற்றிக் கயிற்றைக் கழுத்தில் சுருக்கிக்கொள்கிறது என்று அவள் நிதானமாகச் சொன்னாள். கூடவே சுற்றுகிற மொளக்குச்சி வேண்டியிருந்தது. எடுத்தபோது இது துருப்பிடித்து அசையாமல்தான் கிடந்தது. முறுக்குச் சுட்ட எண்ணெயை வாரம் ஒரு கரண்டி ஊற்றினாள். மிச்சத்தை ஆடு பார்த்துக்கொண்டது.

“எங்கிட்டக் கேக்காமயா எடுத்தே?”

“ஏழுன்னு சொன்னீங்க. ஏழு எண்ணி வெச்சுட்டு மிச்சத்துலதானுங்க எடுத்தேன்.”

இதற்குப் பதில் சொல்வதென்றால் எண்ணிக்கையைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும். ஜெகதீஸ்வரன் சூடத்தைப் பார்த்து மிகுந்த பக்தியோடு கண்ணை மூடிக்கொண்டார். மூடிய கண்ணுக்குள் அவருக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான்: அதே கம்பெனி, அதே அளவு, ஒடியாத ஷாப்ட், எண்ணெயில் ஊறிய இடது நட்டு. எட்டு வருடம் அவரால் ஆகாததை ஒரு ஆடு ஒரே வருடத்தில் முடித்து வைத்திருந்தது. அதுவும் புல் தின்றுகொண்டே.

பொட்டு வைத்தாகிவிட்டதால் அன்றைக்குத் தொடமுடியவில்லை. அவர் போட்ட சட்டம் அவரையே கட்டிப்போட்டது. மாலைவரை நான்குமுறை பின்புறம் போய் அதைப் பார்த்துவிட்டு வந்தார். ஆடு அவரைப் புதுசாக வந்த உறவுக்காரரைப் பார்ப்பதுபோலப் பார்த்தது.

மறுநாள் மறுபூஜைச் சூடம் அணைவதற்குள் ஸ்பேனரோடு போய்விட்டார். மைதிலி கூடவே வந்தாள்.

“எடுத்துக்குங்க. ஆனா ஆட்டுக்கு இதேமாதிரி வேற ஒண்ணு நட்டுக் குடுத்துட்டுத்தான் எடுக்கோணும். வரப்போற அஞ்சுக்கும் அஞ்சு.”

நட்டுக் கொடுத்தார். கழற்றும்போது இந்தமுறை மிஷினின் முன்பக்கம் எது என்று மைதிலியிடமே கேட்டு உறுதி செய்துகொண்டார். ஆடு சுற்றிய ஷாப்டைப் பச்சை மிஷினுக்குள் மாற்றி, கல் பூட்டி, சுவிட்சைப் போட்டபோது பதினோரு மணி. கொட்டகையில் ஒரு ரீங்காரம் எழுந்தது. விளக்கு ஒருமுறை மங்கி மீண்டது. ஜெகதீஸ்வரன் சுவிட்சிலிருந்து கையை எடுக்க மறந்து நின்றார். அவர் கண் கலங்கியிருந்ததற்குக் காரணம் தூசி. கல் இன்னும் எதையும் தொடவில்லை என்றாலும் தூசிதான்.

அரிவாள்மணையை வைத்தார். பொறி பறந்தது. இரண்டு பக்கமும் தீட்டிக் கொடுத்ததை வாங்கி, மைதிலி பூஜைக்கு உடைத்த பூசணியின் ஒரு துண்டை அதில் வைத்தாள். வைத்ததுதான் தெரியும், அழுத்தவில்லை. துண்டு இரண்டாக விழுந்தது.

“பரவால்லீங்க” என்றாள். அந்த வீட்டில் இதற்கு மேலான பாராட்டு இதுவரை வழங்கப்பட்டதில்லை.

வருடாவருடம் மறுபூஜையன்று பொரி வாங்க வருகிற மாதையன் அப்போது வாசலில் சைக்கிளை நிறுத்தினான். சத்தம் கேட்டுக் கொட்டகைக்கு வந்தவனிடம் மைதிலி அரிவாள்மணையை நீட்டினாள். அவன் பெருவிரலால் விளிம்பைத் தடவிப் பார்த்துவிட்டு, நுனியில் மட்டும் கொஞ்சம் சூடேறிப் போச்சுங்ணா, தண்ணி தொட்டுத் தொட்டுப் புடிங்க என்று சொன்னான். ஜெகதீஸ்வரன் சுவிட்சை அணைத்தார். ஒருவனைத் திருடன் என்று நினைத்ததற்கு, அவனுக்கே தெரியாமல் மன்னிப்புக் கேட்பது எளிதான விஷயமில்லை. கடைசியில் கொட்டகையில் இருந்த ஒரே நாற்காலியைத் துண்டால் தட்டி அவனுக்குப் போட்டார்.

“உக்காரு மாதையா. டீ வரும்.”

அவரே அடுப்படிக்குப் போய் டீ வைத்தார். அது குடிக்கும்படி இல்லை. மாதையன் இரண்டு டம்ளர் குடித்தான்.

தராசோடு வந்த பச்சமுத்துவைப் பொரி கொடுத்து மைதிலி திருப்பி அனுப்பிவிட்டாள். நான்கு நாள் கழித்து அவன் போன் செய்தான். ஜலகண்டாபுரத்தில் ஒரு தறிப்பட்டறையிலிருந்து பழைய மிஷின் ஒன்று வந்திருக்கிறதாம். வார்ப்பு உடம்பு, பித்தளைத் தகடு, கைபடாத சாமான். ஜெகதீஸ்வரன் போனைக் கையால் பொத்திக்கொண்டு, ஐந்து புது ஆடுகளுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்த மைதிலியைப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னார். இந்தமுறை எண்ணிக்கையையும் சேர்த்தே சொன்னார்: இது பன்னிரண்டாவது.

அவள் தழையைக் கட்டி முடித்துவிட்டுத்தான் பதில் சொன்னாள்.

“அதுல கிடா கட்டுனாத் தாங்குமான்னு கேளுங்க.”